நீலம் காட்டிய பால்

வீரம்மாவிடம் மூன்று பசுக்களும் ஒரு வாயும் இருந்தன. பசுக்களுக்குச் சினைக்காலத்தில் பால் வற்றும். வாய் எந்தக் காலத்திலும் வற்றியதில்லை.

தேயிலைத் தோட்டத்திலிருந்து தகப்பனின் தோளில் கைக்குழந்தையாக நெடுங்கேணிப் பக்கம் வந்தவள் அவள். காடு வெட்டிய காணியில் வளர்ந்தாள், போரில் இடம்பெயர்ந்தாள், திரும்பி வந்து மறுபடியும் மாடு கட்டினாள். பால் சேகரிக்கும் நிலையத்து வரிசையில் அவள் வாயிலிருந்து முன்னால் நிற்பவரும் தப்பியதில்லை, பின்னால் நிற்பவரும் தப்பியதில்லை. ஒருநாள் இராசேஸ்வரியின் பாலில் தண்ணீர் பிடிபட்டபோது, மாட்டைக் குளத்துக்குள் நிற்கவைத்தா கறந்தாய் என்று கேட்டவள் அவள்தான்.

அந்த வீரம்மாவின் பால் ஒரு செவ்வாய்க்கிழமை நீலம் காட்டியது.

நிலையத்தில் பால் சோதிப்பவர் தயாபரன். கொஞ்சப் பாலைக் கொதிக்கவைத்து ஆற்றி, இரண்டு துளி அயடீன் விடுவார். நல்ல பால் இலேசாக மஞ்சளாகும். தண்ணீர் கலந்து, அது தெரியாமலிருக்க மாவும் கரைத்த பால் நீலமாகும். இன்னொரு முறை நீலம் கண்டால் பால் சங்கத்திலிருந்து பெயர் நீங்கும் என்று சொல்லி, அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையால் எழுதினார்.

இராசேஸ்வரி காத்திருந்து கேட்டாள்: "என்னக்கா, மாட்டுக்கு நீலம் போட்டுத் தோய்ச்சனீங்களோ?"

வரிசை முழுவதும் சிரித்தது. வீரம்மா அவளை விட்டுவிட்டுத் தயாபரனிடம் திரும்பினாள். மாட்டுக்குத் தினமும் சோற்றுக்கஞ்சி வைப்பதால் அந்த மாவுதான் மடிக்கு இறங்கியிருக்கும் என்று வாதாடினாள்.

"அப்பிடி இறங்காதக்கா," என்றார் அவர். "மாவெண்டது சீனியை மணி மணியாக் கோத்த நீளச் சங்கிலி. அது சுருண்டு கிடக்கும். அந்தச் சுருளுக்க அயடீன் போய்ப் படுத்தாத்தான் நீலம். மாட்டின்ர வயித்துக்க சங்கிலி அறுந்துபோம். மடி புதுசாச் செய்யிற சீனியில ரெண்டே ரெண்டு மணிதான். அதில சுருள ஏது இடம்?"

அப்படியென்றால் மாவு மடிக்கு வெளியேதான் சேர்ந்திருக்கிறது. வீரம்மா இதை யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். கணவன் மூக்கனின் கால் புண்ணுக்கு முன்பு ஆசுப்பத்திரியில் கொடுத்த மண்ணிற மருந்து வீட்டில் இருந்தது. அதுவும் அயடீன்தான். குசினியில் கண்டதிலெல்லாம் ஒவ்வொரு துளி விட்டாள். சீனிக்கு ஒன்றும் ஆகவில்லை. மரவள்ளி கறுத்தது, கஞ்சி கருநீலமானது. மடியிலிருந்து நேரே சிரட்டையில் கறந்து காய்ச்சி ஆற்றிய பால் மஞ்சளாகவே நின்றது. பால் கொண்டுபோகும் கானைக் கழுவிய தண்ணீரும் நீலமாகவில்லை. மிச்சம் இருந்தது பால் வடிக்கும் துணி. அதில் விட்ட துளி கன்னங்கரேலென்று பரவியது.

வீரம்மா துணியை விரித்துப் பார்த்தாள். அன்று காலையில் பழைய வடிதுணி கிழிந்துபோனதால், மூக்கனின் கோயில் வேட்டியின் ஓரத்தில் ஒரு முழம் கிழித்து எடுத்தது அவள்தான். மூக்கன் கட்டுகிற வேட்டிக்குக் கஞ்சி போட்டால், அது ஆளில்லாமலே நிற்கவேண்டும். அந்தக் கஞ்சியைத்தான் இளஞ்சூட்டுப் பால் கரைத்திருக்கிறது. வேட்டியை மடித்த மடிப்பில் கிழிசல் உள்ளே போயிருந்ததால் மூக்கனுக்கு இன்னும் தெரியாது. துணியை வரிசைக்கு முன்னால் காட்டினால் அவள் பெயர் தப்பும். ஆனால் அதில் பச்சைக் கரை இருந்தது, பாலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தினமும் கூட வருகிறவன் மூக்கன். கரையை வெட்டிவிடலாமா என்றும் யோசித்தாள். புதிதாக வெட்டிய துணியை, இதற்கென்றே கஞ்சி போட்டதல்ல என்று யார் நம்புவார்கள்?

மறுநாள் இரண்டு போத்தல் பாலோடும் அந்தத் துணியோடும் போனாள். நேரே கறந்த பால் மஞ்சளாயிற்று. துணியில் வடித்த பால் நீலமாயிற்று. தயாபரன் துணியிலும் ஒரு துளி விட்டுப் பார்த்தார், நேற்று எழுதிய சிவப்பு வரியைக் கோடு போட்டு வெட்டினார். கஞ்சித் துணியில் ஒருவரும் பால் வடிக்கக்கூடாது என்று சத்தமாகச் சொன்னார். இராசேஸ்வரி தன் கானை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூக்கன் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து பச்சைக் கரையைக் குனிந்து பார்த்தான்.

"இது என்ர வேட்டியெல்லோ?"

"ஓம்," என்றாள் வீரம்மா. "எனக்குச் சாட்சி சொல்ல வந்தது."

"மிச்சம்?"

"பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. கொஞ்சம் மேல தூக்கிக் கட்டினா ஒருத்தருக்கும் தெரியாது."