ஸ்டெல்லா கீழே இறங்கிய கதை

ஊனமுற்றவர்களைத் தேடிப்போய் அவர்கள் கதையை எழுதுவது என் வேலை. எழுதிய பிறகு என்ன நடக்கும் என்பது மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் ஊனமுற்றோர் சங்கத்தின் சிறு பத்திரிகைக்காக ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே ஊன்றுகோலோடு பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். யாருக்காவது நியாயம் கேட்கப் போய்த் திருதிருவென்று விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே!

கை பேசியது

எண்ணூரில் தாஸ் என்று ஒரு வெல்டர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவர் கையால் சொல்வதை மனைவி எனக்குச் சொல்வதாக ஏற்பாடு. இந்த வேலைக்கு எப்படி வந்தார் என்று கேட்டேன். தாஸ் எழுந்தே நின்றுவிட்டார். கைகள் கடலைக் காட்டின, நெருப்பைக் காட்டின, யாரையோ சட்டையைப் பிடித்து உலுக்கின. பிறகு மனைவி பக்கம் திரும்பி ஏதோ காட்ட, அந்தம்மா வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குக் கை பரபரத்தது. "என்னம்மா சொல்றாரு?"

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணுமில்ல சார், வேலைக்குப் போய்கினு கீறாராம்."

வேறு பெயர்

ஸ்டெல்லாவின் வீடு திருவொற்றியூரில், ஒரு அரசாங்கக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. கன்டெய்னர் லாரி மோதியதில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து புருஷன் தூக்கிவந்து மேலே விட்டதோடு சரி. அப்புறம் தெருவைப் பார்ப்பதெல்லாம் ஜன்னல் வழியாகத்தான். மாதா தேர் வந்தபோதும் மேலிருந்தே சிலுவை போட்டுக்கொண்டாராம்.

பெயரை மாற்றி எழுதினேன். பத்திரிகை வந்ததும் நானே கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து கேட்டார்கள். முடிக்கும்போது ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தார். எனக்கு உள்ளூரப் பெருமை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"பாவம்ணா அந்தப் பொண்ணு. எந்த ஏரியா?"

நேரில்

ஸ்டெல்லாவுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைத்தால் போதும். வீடு மாற்றித் தரும் அலுவலகத்துக்குக் கதையோடு போனேன். அதிகாரி இருந்தது மூன்றாவது மாடியில், லிஃப்ட் ரிப்பேர். கைப்பிடியைப் பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன்.

அதிகாரி நல்ல மனிதர். எனக்கு டீ வரவழைத்தார். கதையை ஒரு வரி விடாமல் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனசு கனத்துப் போச்சு சார்" என்றார். காரியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

"மாத்திக் குடுத்துடலாம், பிரச்சனையே இல்ல. அந்தம்மாவ மட்டும் ஒரு தடவ மேல வந்து என்னை நேர்ல பார்க்கச் சொல்லுங்க."

கபாலி

இதை ஸ்டெல்லாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே போனேன். குடியிருப்பு வாசலில் கட்டிலும் பீரோவும் கிடந்தன. கீழ் வீட்டு ஆட்டோக்காரர் கபாலி, தன் சாமான்களை ஒவ்வொன்றாக இரண்டாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவோ அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரைக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை.

அன்று நான் வாசித்ததை வாசலில் நின்று கேட்டவர்களில் கபாலியும் ஒருவர். "அந்தக் கதையக் கேட்டுட்டுத்தானா..." என்று ஆரம்பித்தேன்.

தலையிலிருந்த மெத்தையை இறக்காமலே சொன்னார்: "அட, நீ வேற நைனா! கீழ கொசு புடுங்குது, அதான் மேல போய்கினு கீறேன்."

அன்றிலிருந்து எதை எழுதி முடித்தாலும், உலகத்தைத் திருத்துவது என் பேனாவா, திருவொற்றியூர்க் கொசுவா என்ற குழப்பத்தோடுதான் அடியில் பெயரைப் போடுகிறேன்.