பதினொரு கடிதங்களும் தபால் அக்காவும்

அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் மூச்சு வாங்குகிறது. நான் ஆடிட்டர்கள் கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் சுருக்கெழுத்தாளன். தப்புச் செய்த ஆடிட்டர்களைக் கூப்பிட்டு விசாரித்து, லைசென்ஸை விட்டுவைப்பதா பறிப்பதா என்று முடிவு செய்கிற இடம் அது. அவர்கள் கட்டுகிற சப்பைக்கட்டை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்வது என் பிழைப்பு. இருபது வருஷத்தில் நான் கேட்காத கதை இல்லை. ஆனால் இது ஆடிட்டர் கதை இல்லை. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் தபால் அறையின் அக்காவைப் பற்றிய கதை.

எல்லோருக்கும் அவர் தபால் அக்கா. அவரைவிட ஒரு வயது மூத்த செயலாளருக்கும் அக்காதான். யாரோ ஒருவர் பிரசவ விடுப்பில் போக, மூன்று மாதத்துக்கு என்று வந்தவர். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது, அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. வருகிற தபாலைப் பிரிப்பார், முத்திரை குத்துவார், பதிவேட்டில் ஏற்றுவார், மாடிக்கு அனுப்புவார். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. அச்சடித்து வரும் பதிவேட்டில் ஆறு பத்திகள் இருக்கும். அக்கா ஒவ்வொரு வருஷமும் புதுப் பதிவேடு வந்ததும் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்து, முந்நூறு பக்கத்திலும் ஏழாவதாக ஒரு பத்தி போடுவார். தலைப்பு: நிலை. வந்த காகிதம் எந்த நிலையில் வந்தது என்பதை அதில் எழுதுவார். ‘ஓரம் கிழிசல்’, ‘காப்பிக் கறை’, ‘மூன்றாக மடித்தது, கீழ் மடிப்பில் விரிசல்’, இப்படி. வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம் ஒரு ஆடிட்டர் தன் சான்றிதழைத் தபால் பிரிவில் கிழித்துவிட்டார்கள் என்று குதித்திருக்கிறார். அது கிழிந்தேதான் வந்தது. யார் நம்புவார்கள்? அக்கா செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது.

ஊரே கேலி செய்யும். நானும்தான். அக்காவின் மகள் ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: “மாமா, அம்மா தக்காளி வாங்கிட்டு வந்தாலும் நிலை பார்த்துத்தான் கூடைல போடுவாங்க. ரெண்டு நசுங்கல், ஒண்ணு காய்னு கணக்குச் சொல்லுவாங்க.” செயலாளருக்கு அந்தப் பத்தியைக் கண்டாலே ஆகாது. வெட்டி வேலை என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருப்பார். அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குக் கோடு போடுவார்.

இனி வழக்குக்கு வருகிறேன். ஒரு குளிர்பதனப் பெட்டிக் கம்பெனி, பதினொரு வங்கிகளில் தன் பணம் குவிந்து கிடப்பதாகக் காட்டி ஊருக்கெல்லாம் பங்கு விற்றது. ஒரு வங்கியிலும் ஒன்றும் இல்லை. பங்கு வாங்கினவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கணக்கு சரி என்று கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர்: இருபத்தைந்து வருஷ அனுபவமுள்ள பெரிய ஆடிட்டர், அவரிடம் வேலை பார்த்த முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், சின்ன ஆடிட்டர். பங்குச் சந்தை நீதிமன்றம் இரண்டு பேர் பெயரிலும் மோசடித் தீர்ப்பு எழுதிவிட்டது. லைசென்ஸை என்ன செய்வது என்பதுதான் எங்கள் குழுவின் முன்னால் இருந்த கேள்வி.

பெரிய ஆடிட்டர் பழி மொத்தத்தையும் அந்தப் பெண் தலையில் கட்டினார். “எல்லா பேங்க்லேர்ந்தும் பணம் இருக்குன்னு லெட்டர் வந்துச்சு. வாங்கினது அவ, சரிபார்த்தது அவ. அதெல்லாம் போலின்னு இப்ப பேங்க் சொல்லுது, அவளுக்கும் கம்பெனிக்கும் என்ன உறவோ எனக்குத் தெரியாது. நான் அவளை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்” என்றார். அந்தப் பெண் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “நான் இருந்தவரைக்கும் ஒரு லெட்டரும் வரல. ரெண்டு தடவை கேட்டேன். நானே நேர்ல பார்த்துட்டேன், நீ கையெழுத்துப் போடுன்னார். போட்டேன்.” யார் இதை நம்புவார்கள்? அவருக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட வக்கீல். இவளுக்கு வக்கீலும் இல்லை.

எங்கள் ஆபீசின் வழக்கம் என்னவென்றால், விசாரணை முழுக்க ஜெராக்ஸ் பிரதிகளை வைத்துத்தான் நடக்கும். மூலப் பத்திரங்களைக் கடைசி நாள் காலையில் தபால் பிரிவில் ஒப்படைத்தால் போதும். பதிவேட்டில் ஏற்றியதும் குழுத் தலைவர் கையெழுத்துப் போடுவார், பத்திரங்கள் நேரே அலமாரிக்குப் போய்விடும். ஒன்றரை வருஷமாகக் குழுவின் மூன்று பெரிய மனிதர்கள் அந்தப் பதினொரு கடிதங்களை அலசு அலசு என்று அலசினார்கள். அசலை ஒருவரும் தொட்டதில்லை.

கடைசி நாள் மதியம் சாப்பிடத் தபால் அறைக்குப் போனேன். அக்காவின் முகமே சரியில்லை.

“தம்பி, கதவைச் சாத்து. இந்த லெட்டரைப் பாரு. அவசரப்படாம பாரு.”

பார்த்தேன். வங்கிப் பெயர், முத்திரை, கையெழுத்து. ஜெராக்ஸில் பார்த்ததுதான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“மடிப்பு எங்க?” என்றார் அக்கா.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கையில் இருந்த டிபன் பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அன்று காலையில்தான் பெரிய ஆடிட்டர் அந்தக் கடிதங்கள் எப்படி வந்தன என்று விலாவாரியாகச் சாட்சி சொல்லியிருந்தார். என் நோட்டில் அது அப்படியே இருந்தது.

“மூணாவது லெட்டருக்கு நிலை எழுதும்போது கை நின்னுபோச்சு. பதினொண்ணும் அப்படியே இருக்கு தம்பி.”

இரண்டு பேரும் செயலாளரிடம் ஓடினோம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அக்கா, உங்க வேலை முத்திரை குத்துறது. விசாரணை அறைல ஊழியர் வாயைத் திறக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, தெரியுமில்ல? மீறினா நானே உங்க மேல எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்.” அக்காவின் ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி. கீழே வந்ததும் அவர் கணவருக்குப் போன் போட்டார். அவர் லிப்ட் மெக்கானிக், எங்கேயோ ஒரு கட்டடத்தின் உச்சியில் இருந்தார். “ஊர் வம்பு நமக்கு எதுக்கு? பேசாம இரு” என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் அந்தச் சின்ன ஆடிட்டர் உட்கார்ந்திருந்தாள். ஒரே எண்ணை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள்.

“யாருக்கும்மா?” என்றார் அக்கா.

“அப்பாவுக்கு. எடுக்க மாட்டார், தெரியும். சும்மா போட்டுப் பார்க்கிறேன்.” அப்புறம் தானாகவே சொன்னாள். “நான் கையெழுத்துப் போட்ட கணக்குன்னு நம்பி, ரிட்டயர்டான காசு மொத்தத்தையும் அந்தக் கம்பெனி பங்குல போட்டுட்டார். எனக்குச் சொல்லவே இல்ல. தெரிஞ்சேதான் நான் ஊரை ஏமாத்தினேன்னு நினைக்கிறார். கோர்ட் தீர்ப்பு வந்ததும் பேச்சையே நிறுத்திட்டார், நாலு மாசமாச்சு.”

அக்கா உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, மூலக் கடிதங்களின் உறையை அதன் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். “வா தம்பி, மணியாச்சு” என்றார்.

மூன்று மணிக்கு விசாரணை அறையில் வக்கீல் முடிவுரை பேசி முடித்தார். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, சிடுமூஞ்சி. மூலப் பத்திரங்கள் வந்துவிட்டனவா என்று கேட்டுக்கொண்டே பேனா மூடியைத் திறந்தார். அக்கா பதிவேட்டை விரித்து அவர் முன்னால் வைத்தார்.

“கையெழுத்து எங்கேம்மா போடணும்?”

“இங்கதாங்க ஐயா. ஆனா அந்தக் கடைசிப் பத்தியையும் படிச்சுட்டுப் போடுங்க.”

செயலாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “அக்கா! வெளிய போங்க!”

“இருங்க சார்” என்றார் தலைவர். “கையெழுத்துப் போடறவன் நான். படிச்சுட்டுப் போடச் சொல்றது என்ன குத்தம்?” கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். “ஒண்ணு, மடிப்பு இல்லை. ரெண்டு, மடிப்பு இல்லை. மூணு, மடிப்பு இல்லை... இது என்னம்மா, மந்திரம் மாதிரி?”

“கேட்டதால சொல்றேங்க. தபால்ல வர்ற லெட்டரை மூணா மடிச்சுக் கவர்ல போடுவாங்க. குறுக்க ரெண்டு கோடு விழும். என்ன தேய்ச்சாலும் அது போகாது. முப்பத்திரண்டு வருஷமா தினம் பார்க்கிறேன். இந்தப் பதினொண்ணுல ஒரு கோடுகூட இல்லீங்க. இது எந்தக் கவருக்குள்ளயும் போனதே இல்ல.”

தலைவர் ஒரு கடிதத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்ததை. அதற்கடுத்ததை. பெரிய ஆடிட்டர் அசரவில்லை. “பெரிய கவர்ல மடிக்காம அனுப்பியிருப்பாங்க. இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று சிரித்தார்.

“காலைல இவர் என்ன சொன்னார்?” தலைவர் என்னைப் பார்த்தார். நானா! இருபது வருஷத்தில் அந்த அறையில் என் குரலை யாரும் கேட்டதில்லை. நோட்டைப் புரட்டிப் படித்தேன்: “‘சின்ன வெள்ளைக் கவர்தான். அட்ரஸ் தெரியறதுக்குக் கண்ணாடித் தாள் வெச்ச கவர். மூணு வாரத்துல ஒண்ணொண்ணா வந்துச்சு. அந்தப் பொண்ணு அவ மேஜைல உட்கார்ந்து கிழிச்சா, கவரைக் குப்பைல போட்டா, லெட்டரை அன்னன்னிக்கே ஃபைல்ல கோத்தா. என் கண்ணால பார்த்தேன்.’” பொய்யை இவ்வளவு அலங்காரமாகச் சொல்லச் சொன்னது யார்?

வக்கீல் எகிறினார். “தபால் குமாஸ்தாவோட யூகமெல்லாம் சாட்சியமா?”

தலைவர் அவரைக் கவனிக்கவில்லை. “கீழ இன்னொரு வரி இருக்கே. ‘துளை, பதினொன்றும் ஒரே கோணல்’. அது என்ன?”

“அன்னன்னிக்குக் கோத்திருந்தா ஒவ்வொரு தடவையும் ஓட்டை முன்ன பின்ன விழுந்திருக்கும்ங்க ஐயா. இதைப் பதினொண்ணையும் ஒண்ணா அடுக்கி ஒரே அமுக்கு அமுக்கியிருக்காங்க. பென்சிலை விட்டுப் பாருங்க.”

குழுவில் இருந்த உறுப்பினர், அவரும் ஆடிட்டர்தான், கடிதங்களை ஓரம் சேர்த்துத் தட்டி அடுக்கினார். இடது பக்கத் துளை இரண்டிலும் பென்சில் நுழைத்துத் தூக்கிக் காட்டினார். பதினொரு தாளும் ஒரே தாள் போல நின்றன, ஒரு ஓரம்கூட வெளியே நீட்டவில்லை. துளைகள் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சரிந்திருந்தன. பெரிய ஆடிட்டர் முகத்தில் ஈயாடவில்லை. வக்கீல் தன் பையை மூடிக்கொண்டார். எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது! வாயை இறுக்க மூடிக்கொண்டு எழுதினேன். அந்தப் பக்கத்து எழுத்து இன்றைக்கும் எனக்கே புரியாது.

நாலரை மணிக்குத் தீர்ப்பு வாசித்தார்கள். கணக்குப் பரிசோதனையின்போது எந்தக் கடிதமும் வரவில்லை, வழக்கு வந்த பிறகு பெரிய ஆடிட்டர்தான் கடிதங்களைத் தயாரித்துக் கோப்பில் செருகினார் என்று குழு முடிவு செய்தது. அவர் பெயர் கழகத்தின் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கம். சின்ன ஆடிட்டர், பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டதற்கு ஆறு மாதம் தொழில் செய்யக் கூடாது. ஆனால் மோசடி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, பெயர் பட்டியலில் இருக்கும். இதைக் கேட்டதும் அந்தப் பெண் மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அவள் கீழே வந்தபோது நாங்கள் தபால் அறையில் இருந்தோம். நன்றி சொல்ல வாயெடுத்தவளை அக்கா ஒரு பிடி பிடித்தார். “நன்றி கிடக்கட்டும். கண்ணால பார்க்காததுக்குக் கையெழுத்துப் போடுவியா? படிச்ச பொண்ணுதானே நீ? யார் சொன்னா என்ன, கையெழுத்து உன்னுதுதானே?” அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். திட்டி முடித்ததும் அக்கா லேண்ட்லைன் போனைத் தன் பக்கம் இழுத்தார். “அப்பா நம்பர் சொல்லு.”

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். அந்தப் போனில் எதிர்முனைப் பேச்சு அறை முழுக்கக் கேட்கும்.

“ஐயா, நான் ஆடிட்டர்கள் கழகத்துல தபால் பிரிவுல இருக்கேன். உங்க பொண்ணுக்கு அந்த மோசடி தெரியவே தெரியாதுங்க. இன்னைக்குக் குழுவே எழுதிடுச்சு. அவங்க பொய் சொல்லல.”

லைன் போய்விட்டதோ என்று அக்கா போனைத் தட்டிப் பார்த்தார்.

“முதல் நாளே என்கிட்டச் சொன்னா அவ” என்றது அந்தக் குரல். “என் கால்ல விழுந்து சொன்னா. நான்தான் நம்பல.”

அந்தப் பெண் கை நீட்டினாள். அக்கா ரிசீவரைக் கொடுத்தார். வாங்கியதும் அவளுக்கு அழுகைதான் வந்தது. அந்தப் பக்கமும் அதே கதை. கடைசியில் அவர்தான் பேசினார்.

“எங்கயும் போயிடாத. அங்கயே உட்காரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக அப்பா வந்துட்டே இருக்கேன்.”

ஐந்தரைக்கு ஆபீசைப் பூட்ட வேண்டும். வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து சாவிக்கொத்தை ஆட்டிவிட்டுப் போனார். அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.