பூவரசன் ஒட்டிய டேங்க்

வாலிகண்டபுரத்துக்குக் கிழக்கே மக்காச்சோளம் போட்ட யாரைக் கேட்டாலும் பூவரசனைத் தெரியும். சொந்தமாக அவனுக்குக் கையகல நிலம் கிடையாது. முதுகில் மாட்டுகிற மருந்து டேங்க் ஒன்று இருந்தது, மாட்டிக்கொள்ள முதுகு இருந்தது. படைப்புழு குருத்துக்குள் புகுந்துவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் ஐப்பசியில் பூவரசனைப் பிடிப்பது முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் பிடிப்பது மாதிரி.

வேலையில் சுத்தக்காரன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் வயலில் இறங்கமாட்டான். அடித்து முடித்துக் கை கழுவும்வரை பீடியைத் தொடமாட்டான். மூக்கில் துணி கட்டச் சொன்னால் மட்டும் சிரிப்பான். "புழுவுக்கே மருந்து பழகிப்போச்சு, எனக்குப் பழகாதா?" என்பான். கேட்டவர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, முதுகா போகிறது? அவன் மனைவி அம்சவள்ளிக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் டேங்கின் அடிமூலையில், வார் மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்கு வெடிப்பு விட்டது. தண்ணீரும் மருந்துமாக நிறைந்த டேங்கின் பாரம் முழுவதையும் தாங்குகிற இடம் அதுதான். முதலில் துணி சோப்பை அழுத்தித் தேய்த்துப் பார்த்தான். சோப்பு கரைந்து போனது. கடையில் பசை வாங்கிப் பூசினான். அது காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி உரிந்து வந்தது. கடைசியில் பழைய தண்ணீர்க் கேனிலிருந்து ஒரு பட்டையை வெட்டி எடுத்தான். கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பட்டையை உருக்கி வெடிப்பின்மேல் இழுத்துவிட்டான். டேங்க் அசையாமல் அம்சவள்ளி பிடித்துக்கொண்டாள். வீடு முழுக்கப் புகை நாற்றம்.

ஆறியதும் தண்ணீர் நிரப்பித் துணி துவைக்கிற கல்லின்மேல் வைத்தார்கள். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பூவரசனுக்கு முகமெல்லாம் பெருமை.

கல்லின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிற டேங்க் ஏன் ஒழுகப்போகிறது? சேற்றில் கால் புதைந்து புதைந்து நடக்கிறவனின் முதுகில் குலுங்கும்போது அல்லவா அதன் லட்சணம் தெரியும். அதை அங்கே யார் சோதித்துப் பார்ப்பது?

அம்சவள்ளிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மறுநாள் காலையில் அவன் டேங்கைத் தூக்கியபோது வழியை மறித்து நின்றாள்.

"இந்த ஒட்டுப்போட்ட சனியன் இன்னிக்கு வேணாங்க. வேற யார்கிட்டயாவது ஒன்னு கேட்டு வாங்கிக்கிட்டுப் போங்க."

"இந்த நேரத்துல எவன்டி சும்மா வச்சிருப்பான்? முத்தமிழ்செல்வன் வயல்ல குருத்தெல்லாம் ஓட்டையாக் கெடக்கு. வரேன்னு சொல்லிட்டேன்."

"ஒழுவுச்சுன்னா?"

"துண்ட நாலா மடிச்சு முதுகுல போட்டுக்கிறேன். ரெண்டு சொட்டு வந்தாலும் துண்டு வாங்கிக்கும்."

டேங்க் மாட்டுகிற எல்லோரும் செய்வதுதான் இது. முதுகு உறுத்தாமல் இருக்கத் துண்டு வைப்பார்கள். ஒழுகுகிற டேங்குக்கும் அதுவே போதும் என்று அவன் நினைத்துவிட்டான். ஈரத்தை வாங்கிய துண்டு அதைக் கொண்டுபோய் வேறெங்கே வைக்கும், உடம்பைத் தவிர?

"சொன்னா கேக்காத ஜென்மம். போங்க, அந்த டேங்க்கோடயே சாவுங்க," என்றாள் அம்சவள்ளி. வயிற்றெரிச்சலில் வந்த வார்த்தை. அவள் போட்டு வைத்த பழைய சோற்றைத் தொடாமல் அவன் வாசலில் இறங்கினான். அவளும் கூப்பிடவில்லை. களையெடுக்கப் பருத்திக் காட்டுக்குப் போய்விட்டாள்.

மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. உள்ளே காற்றே இல்லை. சட்டை முதலில் வியர்வையில் நனைந்தது, பிறகு எதில் நனைந்தது என்று அவனுக்கே தெரிந்திருக்காது. டேங்க் மேல் டேங்காக நிரப்பி அடித்துக்கொண்டே போனவன், வெயில் ஏறிய நேரத்தில் கண் மங்குகிறது என்று சொல்லிக்கொண்டே வரப்புக்கு வந்து டேங்கைக் கழற்றிப் போட்டான். அங்கேயே சரிந்தான்.

அம்சவள்ளிக்குப் போனில் சொன்னது நிலத்துக்காரர் முத்தமிழ்செல்வன். "ஓடியாம்மா. ஒன் புருசன் மருந்தக் குடிச்சிட்டான் போலருக்கு."

கோபம் வந்தால் மருந்து பாட்டிலைத் தேடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன ஊர் இது. ஒருவன் வாயில் நுரையோடு கிடந்து, பக்கத்தில் மருந்து கலக்கிய பாட்டிலும் கிடந்தால் போதும், யாரும் எதையும் விசாரிக்கமாட்டார்கள். அம்சவள்ளிக்குக் காலையில் தான் சொன்ன வார்த்தைதான் நெஞ்சில் வந்து குத்தியது. கையிலிருந்த களைக்கொட்டை எறிந்துவிட்டு, செருப்புப் போடக்கூட நிற்காமல் ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது நாலு பேர் அவனைத் தூக்கிப் பிடித்து வாயில் உப்புக் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எச்சில் கோழையாக வழிந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"ஏன்ய்யா குடிச்ச? நான் ஒரு வார்த்தை சொன்னதுக்கா குடிச்ச?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் இல்லை என்று தலையாட்டினான். "குடிச்சவன் எவன் ஒத்துக்கிட்டான்?" என்றார் முத்தமிழ்செல்வன். பூவரசனுக்குப் பேச நாக்கு எழவில்லை. அவன் வலது கையைப் பின்னால் வளைத்து முதுகைத் தட்டிக் காட்டினான். கை நழுவி விழுந்தது. மறுபடியும் தூக்கித் தட்டினான்.

வாந்தி வராமல் தவிக்கிறான், தேய்த்துவிடச் சொல்கிறான் என்றுதான் அம்சவள்ளி புரிந்துகொண்டாள். நனைந்த சட்டையோடு சேர்த்து முதுகை மேலிருந்து கீழாக அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். வயல் முழுக்க மருந்து வாடை என்பதால் சட்டையின் வாடை யாருக்கும் தனியாகத் தெரியவில்லை. அவன் உடம்பு நடுங்கவே, குளிர்கிறது என்று நினைத்து, கீழே கிடந்த துண்டை எடுத்து முதுகைச் சுற்றிப் போர்த்தினாள். லோடு ஆட்டோவில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் வரைக்கும் அப்படியே கொண்டுபோனாள். வழியெல்லாம் அவன் புரண்டு படுக்கப் பார்த்தான். ஆட்டோவிலிருந்து விழுந்துவிடப் போகிறான் என்று பயந்து அவள் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எவ்வளவு குடித்தார் என்று கேட்டார்கள். தெரியலிங்க என்றாள். ஊசி போட்டு, மூக்கில் குழாய் செருகினார்கள். உடை மாற்ற அவனை ஒருக்களித்துப் புரட்டிய நர்ஸ் மருந்து வாடை தாங்காமல் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கத்தரியை வாங்கிச் சட்டையை வெட்டி எடுத்தாள். துண்டு இருந்த இடம் அளவெடுத்த மாதிரிச் சிவந்து, கொப்புளம் கட்டியிருந்தது.

"வாயால போனது இல்லம்மா இது. முதுகு வழியா ஊறியிருக்கு. இந்தத் துணியோடயா இவ்ளோ நேரம் படுக்க வச்சிருந்தீங்க?"

சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். அம்சவள்ளி சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். காலையில் அவனை மறித்தவள் அவள்தான். ஒழுவுச்சுன்னா என்று கேட்டவளும் அவள்தான். அந்த வரப்பில் மட்டும் அது எப்படி மறந்து தொலைந்தது? தன் வார்த்தைதான் அவனைக் குடிக்க வைத்தது என்று நம்பின மாத்திரத்தில் வேறெதுவும் அவள் கண்ணில் படாமல் போய்விட்டது.

பூவரசன் மறுநாள் செத்துப்போனான். கண் திறக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

பிணவறை வாசலில் முத்தமிழ்செல்வன் வந்து நின்றார். நல்ல மனுஷர்தான், கண் கலங்கியிருந்தது.

"இப்படிக் குடிச்சிட்டுப் போயிட்டானேம்மா."

"குடிக்கலிங்க," என்றாள் அம்சவள்ளி. "முதுகு முதுகுன்னு கையால காட்டிக்கிட்டேதான் இருந்தாரு. நான்தான் தேய்ச்சு விட்டேன்."