சுண்ணாம்பு வளையம்

ஒதிலியா என் நாத்தனார். ஓஹாக்கா மலையில் எங்கள் ஊரில் சோள அடை சுட்டு விற்கிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊர்க்கூட்டம் அவளைக் காட்டுக் காவலுக்கு நியமித்தது. சம்பளம் கிடையாது, மறுக்கவும் முடியாது.

காக்க வேண்டியது யானைப்பாத மரங்களை. அடி பருத்து, உச்சியில் குதிரைவால் போல இலை தொங்கும். எங்கள் ஓடையைத் தாண்டினால் இந்த வகையைப் பார்ப்பது அபூர்வம். ஆண் தனி மரம், பெண் தனி மரம். வேரோடு தோண்டித் திருட்டுத்தனமாக விற்பவர்களுக்கு, விதை தரும் பெண் மரத்தில்தான் காசு அதிகம். விதை உதிர்ந்த பிறகு எது எதுவென்று சொல்ல முடியாது. அதனால் காய்த்திருந்த நான்கு பெண் மரங்களுக்கும் ஒதிலியா சுண்ணாம்பால் வளையம் போட்டாள். புதர் வெட்டும் நாளில் யாரும் தவறி வெட்டிவிடக் கூடாதென்று கூட்டத்தில் அதைச் சொன்னாள். கைதட்டினோம்.

அக்டோபரில் மூன்று மரங்கள் இருந்த இடத்தில் குழிகள். மூன்றும் வளையம் போட்டவை. பக்கத்து ஆண் மரங்களில் கீறல்கூட இல்லை.

குழியோரம் நின்றபோது அவளுக்கு உறைத்தது. வளையத்தின் பொருள் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நான்காவது மரத்துக்கு ஓடினாள். சால்வையை ஓடையில் நனைத்து வளையத்தைத் தேய்த்து அழித்தாள். அப்போது லாரிச் சத்தம். இருபதடி தள்ளியிருந்த ஆண் மரத்துக்குப் போய், சுண்ணாம்பு ஊறிய சால்வையை அதன் மேல் தேய்க்கத் தொடங்கினாள்.

முகத்தில் துணி கட்டிய இருவர் இறங்கினார்கள். நெட்டையன் வாய் திறக்கவில்லை. குட்டையன்தான் பேசினான்.

"என்னக்கா, மரத்தைக் குளிப்பாட்டுறீங்களா?"

"சும்மா... தூசியா இருந்துச்சு."

"பொய் சொல்லக்கூடத் தெரியலயே! நாலாவது இதுதானே?"

"இதை விட்டுருங்கப்பா. மிச்சம் ஒண்ணுதான்."

"அடையைப் புரட்டுற வேலையைப் பாருங்க. பச்சைக் கதவு வீடு உங்களுதுதானே?"

அவளை உட்காரவைத்துத் தோண்டினார்கள். பின்னால் நின்ற நான்காவது பெண் மரத்தின் பக்கம் கண் போய்விடுமோ என்று மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எண்பது பேர் வந்திருந்தார்கள். நெட்டையன் ஏன் பேசவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. குரல் கேட்டால் ஆள் தெரிந்துவிடும். அவன் அந்த எண்பதில் ஒருவன்.

எழுந்தாள். "நாலு பெண் மரமும் போச்சு. வளையம் போட்டது நான்தான்."

"உன்னைக் காவலுக்கு வெச்சோமா, திருடனுக்கு வழிகாட்ட வெச்சோமா?" என்று கத்தினார் தலைவர் ஃபெர்மின். யாரோ துப்பினார்கள். நானும் அவளை முறைத்தேன். அபராதமாக இன்னொரு வருடம் காவல்.

அன்று மாலை கதவைச் சாத்திவிட்டு என்னிடம் உண்மையைச் சொன்னாள்.

"ஏப்ரல்ல அந்த மரம் பூத்துக் காய்க்குமேடி, அப்ப தெரிஞ்சிடாதா?" என்றேன்.

"காய் பிடிச்சா அந்த நெட்டையனுக்கு முன்னால நான் பார்த்துப் பறிச்சிடணும். அதுக்குத்தான் இன்னொரு வருஷம் குடுத்திருக்காங்களே."

தாழ்ப்பாளைப் போட முயன்றாள். அது இரண்டு முறை நழுவியது. நான் போட்டுவிட்டேன்.