பத்தொன்பது மைக்ரான்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உஷா பைக்கை ஸ்டார்ட் செய்வாள். பெங்களூர் ஓரத்துச் சந்தாபுராவில் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படிக்கு அடியில் நிற்கிற பைக் அது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று கணவன் ரகு சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதனால் சாவியைப் போட்டு, பட்டனை அழுத்திவிட்டு, பத்து நிமிஷம் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். சத்தம் கேட்டதும் வீட்டுக்குச் சொந்தக்காரரான சந்திரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"ஏன் உஷா, ரகு வந்துட்டாரா?"

"இல்லம்மா. பேட்டரிக்கு."

இரண்டு வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

ரகு போனது பதினொரு மாதத்துக்கு என்றுதான். பொம்மசந்திராவில் விமான உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருவருக்கும் வேலை. அவன் ஃபிட்டர், அவள் தரப் பரிசோதனை. நம் அரசாங்கமும் கடல் தாண்டி இருக்கிற ஒரு நட்பு நாட்டு அரசாங்கமும் சேர்ந்து போர் விமானம் கட்டுவது என்று முடிவானபோது, அந்த ஊர் ஆலைக்குக் கம்பெனி ஆறு பேரை அனுப்பியது. ஆறில் ஒருவன் ரகு. அந்த நாட்டின் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'அங்க' என்றால் போதும். அங்க மழையா, அங்க மணி என்ன, அங்க முருங்கைக்காய் கிடைக்குதா. ஒன்பது வயசு மகள் வைஷ்ணவி பள்ளிக்கூட வரைபடத்தில் அந்த நாட்டுக்குப் பச்சை அடித்து, மேலே 'அங்க' என்றே எழுதிவிட்டாள். டீச்சர் சிவப்பு மையால் சுழித்து அனுப்பியிருந்தார்.

பதினொரு மாதம் முடிகிற சமயத்தில் இரண்டு அரசாங்கங்களும் கூடிப் பேசின. இன்னும் எட்டு மாதம் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அதுவும் முடியும்போது மறுபடி பேசினார்கள். இன்னும் ஆறு. நடுவில் ஒரே ஒரு தடவை பத்து நாள் வந்து போனான். ஒவ்வொரு பேச்சுவார்த்தை முடிந்ததும் வருகிற கூட்டறிக்கையை உஷா மொபைலில் தேடி எடுத்துப் படிப்பாள். 'பாதுகாப்பு ஒத்துழைப்பை மேலும் ஆழப்படுத்த இரு தரப்பும் உறுதி பூண்டன' என்று இருக்கும். அந்த வரியைப் பார்த்ததுமே, ரகுவுக்காகக் காலி செய்து வைத்த அலமாரித் தட்டில் வைஷ்ணவியின் துணிகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

இந்தத் தடவை பேச்சுவார்த்தை பெங்களூரிலேயே. செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய ஓட்டலில். பேச வந்தவர்கள் புதன்கிழமை மூன்று மணிக்குப் பொம்மசந்திராவுக்கே வந்து, விமானத்தில் ஒரு பாகத்தைத் தாங்கிப் பிடிக்கிற, புது டிசைனில் செய்த முதல் பிராக்கெட்டைப் பார்க்கப் போகிறார்கள். பார்த்துவிட்டுப் போய்த்தான் கையெழுத்து. கையெழுத்தானால் கம்பெனிக்கு இரண்டு புது உற்பத்தி லைன், அங்கே இருக்கிற ஆறு பேருக்கு இன்னும் மூன்று வருஷம். ஆகாவிட்டால் ஆறு பேரும் மார்ச்சில் ஊர் திரும்பவேண்டியதுதான்.

கம்பெனி பஸ்ஸில் இதைத் தவிர வேறு பேச்சில்லை.

"உஷாக்கா, உங்க வீட்ல அடிச்சது பாருங்க லக்கு!" என்றாள் பக்கத்து சீட் வீணா. "மூணு வருஷம்! மல்லேஸ்வரத்துல ஃப்ளாட்டே வாங்கிடலாம். எங்க வீட்டுக்காரரைக் கிளப்புங்கடான்னா பக்கத்துல இருக்கற ஆனேக்கல் தாண்டி அனுப்ப மாட்டேங்கறாங்க."

"அனுப்பிட்டா தெரியும்" என்றாள் உஷா.

"என்ன தெரியும்? நிம்மதியா சீரியல் பாப்பேன்."

சிரித்தார்கள். உஷாவும் சிரித்தாள். புது லைன் வந்தால்தான் வீணாவின் வேலை நிரந்தரமாகும். அந்த பஸ்ஸில் இருக்கிற மற்ற நாற்பது பேருமே கையெழுத்தாகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஆகக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். செவ்வாய் சாயங்காலம் சந்திரம்மா கோயிலுக்குப் போய் அவள் பேரிலும் அர்ச்சனை செய்து குங்குமம் கொண்டுவந்து கொடுத்தபோது, வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள். யாருடைய பொருளையோ எடுத்து வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு சூப்பர்வைசர் கிருஷ்ணப்பா, பிராக்கெட்டை வெள்ளைத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பரிசோதனை அறைக்குள் வந்தார். கன்னடக்காரர். உஷாவிடம் தமிழில்தான் பேசுவார், பதற்றத்தில் மட்டும் கன்னடம் கலந்துவிடும்.

"உஷாம்மா, பேக பேக, சீக்கிரம். அளந்து ரிப்போர்ட் போடும்மா. பத்தரைக்கு எம்.டி. கேக்கறாரு."

அந்த அறை எப்போதும் இருபது டிகிரி. உஷா உள்ளே இருக்கும்போது ரகு விட்டுப்போன பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வாள். பிராக்கெட்டை வாங்கிக் கருங்கல் மேசையில் வைத்து, நடுவில் இருந்த துளையை அளந்தாள். பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அதற்கு மேல் பதினெட்டு மைக்ரான் வரை போகலாம். ஒரு தலைமுடியை எழுபதாகக் கிழித்தால் அதில் ஒன்று ஒரு மைக்ரான்.

கருவி பத்தொன்பது காட்டியது.

திரும்ப அளந்தாள். பத்தொன்பது.

"ஏனாயித்து, என்னாச்சு?" என்றார் கிருஷ்ணப்பா. எட்டிப் பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ. இன்னொண்ணு செய்ய ரெண்டு நாள் ஆகுமே. வர்றவங்களுக்கு என்னத்தைக் காட்டறது, என் மூஞ்சியையா?"

மேசை இழுப்பறையில், தேறாத பாகங்களுக்குக் கட்டுகிற சிவப்பு அட்டை இருந்தது. எழுதிக் கட்டினால் பிராக்கெட் பூட்டுப் போட்ட சிவப்புப் பெட்டிக்குள் போய்விடும். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க முடியாது. உடனே அள என்று சொன்னதே கிருஷ்ணப்பாதான். அளந்தாள், பத்தொன்பது வந்தது, அவ்வளவுதான். ஒரு பிராக்கெட்டுக்காக இரண்டு அரசாங்கங்கள் முறித்துக்கொள்ளாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடங்கல். பேச்சு இன்னொரு மாதம் தள்ளிப்போகும், அதற்குள் மார்ச் வந்துவிடும்.

அட்டையை எடுத்தாள். பேனாவின் மூடியையும் கழற்றினாள்.

ஆனால் மெஷினிலிருந்து இறக்கி, வெந்நீரில் கழுவி, வெயிலில் நடந்து கொண்டுவந்திருக்கிறார்கள். அலுமினியம். அதை அளக்க எடுத்தபோதே அந்தச் சூட்டை அவள் விரல் உணர்ந்துவிட்டது. சூட்டில் உலோகம் விரியும், துளையும் கூடவே பெரிதாகும். அந்த அறையின் குளிரில் நாலு மணி நேரம் கிடக்காத எதையும் அளந்தது செல்லாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது.

பேனாவை மூடினாள்.

"சார், பீஸ் சூடா இருக்கு. ஒரு மணி வரைக்கும் இங்கயே கெடக்கட்டும்."

"ஒரு மணியா? எம்.டி. என்னைத் தின்னுடுவாரும்மா!"

"தின்னட்டும் சார். இப்ப அளந்தா அது பொய்."

நாலு மணி நேரமும் அவள் அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை. வேறு பாகங்களை அளந்தாள். எதை அளந்தாலும் கண் கருங்கல் மேசைக்கே போனது. பத்தொன்பதாகவே இரு என்று ஒரு தடவை வாய்விட்டே சொன்னாள். ஸ்வெட்டரின் கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். துவைத்துத் துவைத்து அதில் ரகுவின் வாசனை என்று எதுவும் மிச்சமில்லை. முழங்கையில் அவன் உரசித் தேய்த்த இடம் மட்டும் மெலிந்திருந்தது.

ஒரு மணிக்கு அளந்தாள். பதினேழு.

மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் பதினேழு.

ரிப்போர்ட்டில் எழுதினாள். பச்சை அட்டை கட்டினாள். பிராக்கெட்டின் ஓரத்தில் தன் பரிசோதனை எண்ணைப் பொறித்தாள்: 14. கிருஷ்ணப்பா கும்பிட்டே விட்டார். "நீ தெய்வம்மா."

"சாப்பிடப் போறேன் சார்" என்றாள். போனாள். சாப்பிட முடியவில்லை.

மூன்று மணிக்கு வந்தார்கள். கோட்டுப் போட்டவர்கள், யூனிஃபாரம் போட்டவர்கள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு அம்மாள் பிராக்கெட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தங்கள் ஆலையில் பொருத்திப் பார்க்க எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். நுரைப்பஞ்சு வைத்த பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே கூட்டறிக்கை வந்தது. மூன்று வருஷம். பஸ்ஸில் வீணா லட்டு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள். உஷாவுக்கு இரண்டு.

ரகு தினமும் சாயங்காலம் ஆறரைக்குக் கூப்பிடுவான். அங்கே அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். மூன்று வருஷத்தைப் பற்றி ஒரு வாரம் இருவருமே பேசவில்லை. வைஷ்ணவியின் பல் விழுந்ததைப் பேசினார்கள், கேஸ் சிலிண்டரைப் பேசினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"உஷா, இன்னிக்கு என் டேபிளுக்கு ஒரு பிராக்கெட் வந்துச்சு."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஓரத்துல பதினாலுன்னு இருந்துச்சு. போட்டோ எடுக்க விட மாட்டாங்க. அதான் கையில வச்சுக்கிட்டு சும்மா நின்னேன். பக்கத்துல இருக்கறவன் என்னடான்னு கேக்கறான்."

"என்ன சொன்னீங்க?"

"என் பொண்டாட்டி நம்பருன்னேன். அவனும் வாங்கித் தடவிப் பாத்தான்."

"சில்லுன்னு இருந்துச்சாங்க?"

"ஆமா. ஏன்?"

அவள் சொன்னாள். காலையில் பத்தொன்பது வந்ததை, சிவப்பு அட்டையை எடுத்ததை, பேனாவின் மூடியைக் கழற்றியதை, எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் தட்டு, கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"செவப்பு அட்டையே போட்டிருக்கலாம்ல, உஷா" என்றான்.

அவள் அணைத்த அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள். அப்புறம் அவன் கேட்டான்.

"பைக் ஸ்டார்ட் பண்ணியா?"

"இன்னிக்கு வெள்ளிதாங்க."

"சரி. ஞாயித்துக்கிழமை மறக்காம பண்ணு."