இறங்காத ஒருத்தி

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருபத்தொன்பது ஆண்டுகள் பேருந்து நடத்துநராக நின்றுகொண்டே பயணம் செய்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னர் அதே வழித்தடத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும், சன்னலோர இருக்கையில் அமர்ந்து மடியில் புத்தகப் பையுடன் சென்று வந்தேன். தொலைநிலைக் கல்வியில் ஆங்கில இலக்கியப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். அதற்கான வகுப்பு விழுப்புரத்தில் நடந்தது.

எனக்கு ஆங்கிலம் கற்பித்தவை பயணிகள் இருக்கைகளில் விட்டுச் சென்ற நாளிதழ்கள். டிப்போவில் வண்டியைக் கழுவி முடிக்கும்வரை காத்திருந்த பொழுதுகளில், அகராதியை முழங்காலில் வைத்துக்கொண்டு அவற்றை வாசித்தேன். செய்தி வாசிக்கத் தெரிந்தவனுக்குக் கவிதையும் வசப்படும் என்று நம்பியது என் பிழை. ஏனைய தாள்கள் அனைத்திலும் தேறிய நான், கவிதைத் தாளில் மட்டும் இருமுறை தோற்றேன். பதிவுக்காலம் முடிவதற்குள் ஒரே ஒரு தேர்வுதான் எஞ்சியிருந்தது. அதிலும் தவறினால் தேறிய தாள்கள் அத்தனையும் வீணாகும், பட்டம் கிடையாது.

இரண்டாம் தோல்வியைக் கேட்ட என் மனைவி ஆறுதலும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. "இன்னொரு வாட்டி எழுதுங்க. ஆனா அதுவரைக்கும் ஊட்டுல மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு திரியாதீங்க" என்றாள். நியாயமான நிபந்தனையாகவே அது எனக்குப் பட்டது.

வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். என்னைத் தவிர எல்லாரும் நடுவயதுக்குக் கீழே. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் ஒன்பது பேருக்கும் பொதுவான சொத்து ஒன்று இருந்தது. அது பேருந்து நிலையத்தருகே உள்ள கடையில் விற்கும் கைடு. கவிதைகள் அடங்கிய பாடநூலைப் பலர் வாங்கவே இல்லை. கைடில் வினா இருக்கிறது, விடை இருக்கிறது. விடையை மனப்பாடம் செய்து அப்படியே எழுதிவிட்டால் போதும் என்பது எங்கள் கொள்கை. அதில் தேர்ந்தவர் முகையூரிலிருந்து வரும் ஒரு பெண்மணி. தையற்கடை வைத்திருந்தார். தையல் இயந்திரத்தை மிதித்தபடியே இருபது பக்கங்களை மூச்சு விடாமல் ஒப்பிப்பார் என்று சொல்லிக்கொள்வார்கள். என்னை அவர் அழைப்பது "கண்டக்டரே" என்றுதான்.

எங்கள் ஆசிரியை என் மகள் வயதுடையவர். கடைசித் தேர்வுக்கு முன் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். மறு வாரம் விடைத்தாள்களை மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு, எங்கள் ஒன்பது பேரையும் பார்த்தார். பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்:

"புயல்ல படகு கவுந்து போச்சு, சரி. நடுக் கடல்ல குதிரைக்கு லாடம் அடிச்சது யாருங்க?"

கைடைப் புரட்டச் சொன்னார். அச்சகத்தில் தாள்களை வரிசை மாற்றித் தைத்துவிட்டிருந்தார்கள். புயலைப் பற்றிய கவிதைக்கான விடையின் முதற்பாதியும், கொல்லன் பட்டறையைப் பற்றிய கவிதைக்கான விடையின் பிற்பாதியும் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. நாங்கள் ஒன்பது பேரும் ஒரு சொல் பிசகாமல் புயலில் தொடங்கிக் குதிரையில் முடித்திருந்தோம். நான் அந்தக் குதிரையை அடிக்கோடிட்டும் இருந்தேன். ஆசிரியை சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சிரித்து முடித்ததும், இனிமேல் கைடு வகுப்புக்குள் வரக்கூடாது என்றும், ஆளுக்கொரு கவிதையைத் தாமே வாசித்து அடுத்த ஞாயிறு வந்து சொல்ல வேண்டும் என்றும் ஆணையிட்டார். எனக்கு வாய்த்தது கடற்கரை வீடொன்றைப் பற்றிய நான்கு பத்திக் கவிதை.

திரும்பும் பேருந்தில் அதை மூன்று முறை வாசித்தேன். சொற்களுக்குப் பொருள் தெரிந்தது, கவிதை தெரியவில்லை. விக்கிரவாண்டியைத் தாண்டியதும் அந்த வண்டியின் நடத்துநர் ஸ்டேஜ் முடிக்க உட்கார்ந்தார். எங்கள் தொழிலில் அது தவறாத கடமை. ஒவ்வொரு கட்டத்திலும் ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை, வண்டியில் இருப்பவர் எத்தனை என்று தாளில் குறித்துவிட வேண்டும். பரிசோதகர் எந்த இடத்தில் ஏறித் தலை எண்ணினாலும் தாளும் தலையும் ஒத்துவர வேண்டும். அவருடைய பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு துணிவு பிறந்தது. நோட்டில் மூன்று கோடுகள் இழுத்தேன். ஒவ்வொரு பத்தியும் ஒரு ஸ்டேஜ் என்று வைத்துக்கொண்டேன்.

முதற்பத்தியில் ஒரு தாய் இரவு உணவுக்கு மேசையை ஒழுங்கு செய்கிறாள். கணவனும் இரண்டு மகன்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலருகே ஒரு மகள், மழையில் நனைந்த சால்வையை உதறிக்கொண்டு நிற்கிறாள். ஏறியவர் ஐவர். இரண்டாம் பத்தியில் தந்தையும் மூத்தவனும் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறார்கள், திரும்பவில்லை. இறங்கியவர் இருவர். மூன்றாம் பத்தியில் இளையவன் போருக்குப் போகிறான். இறங்கியவர் ஒருவர். நான்காம் பத்தியில் தாய் விளக்கைத் தணித்து வைத்து, இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றி அமர்கிறாள். அத்துடன் கவிதை முடிகிறது.

கைடு என்ன சொல்கிறது என்பது எனக்கு மனப்பாடம். யாருமற்ற தாயின் தனிமையே இக்கவிதை. இரண்டாவது கோப்பை இறந்த கணவனின் நினைவுக்கு உரியது. ஆனால் என் தாளில் இருவர் எஞ்சியிருந்தார்கள். கூட்டேரிப்பட்டில் ஒருமுறை எண்ணினேன். திண்டிவனத்தில் இறங்கி, நிலையத்துப் பலகையில் உட்கார்ந்து மறுபடியும் எண்ணினேன். அந்த மகள் இறங்கவே இல்லை. முதற்பத்திக்குப் பிறகு அவளுக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை. அவள் போனதாகச் சொல்லும் வரியும் இல்லை. அவள் அந்த வீட்டுக்குள்தான் இருந்தாள். இரண்டாவது கோப்பை அவளுடையது.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்று இதைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. "கண்டக்டரே, கவிதைக்கும் டிக்கெட்டு கிழிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார் தையற்காரப் பெண்மணி. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. பாடநூலைத் திறந்து, விரலை வரிமேல் வைத்து, உதடு அசைய நான்கு பத்திகளையும் வாசித்தார். மீண்டும் முதற்பத்திக்குப் போனார்.

"எட்டு வருஷமா இத நடத்துறேன்" என்றார். "அந்தப் பொண்ண நான் பாக்கவே இல்லைங்க ஐயா."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு நிகரானதில்லை. ஆயினும் அவர் நேர்மையானவர். உடனே ஓர் எச்சரிக்கையும் தந்தார். விடைத்தாளைத் திருத்துகிறவர் எங்கோ இருக்கும் முன்பின் அறியாதவர். கைடில் உள்ள விடையையே அவர் எதிர்பார்க்கக்கூடும். தேர்வில் எதை எழுதுவது என்பதை நானே முடிவு செய்ய வேண்டும் என்றார்.

வகுப்பு முடிந்து தேநீர்க் கடையில் நிற்கையில் தையற்காரப் பெண்மணி அருகில் வந்தார். இம்முறை கேலி இல்லை.

"ஒங்களுக்கு இது கடைசி சான்ஸு. கைடுல இருக்கிறத எழுதிட்டு வந்துடுங்க. அந்தப் பொண்ணு எங்கயும் போயிட மாட்டா."

அறிவுள்ள யோசனை. நான் தேர்வு நாள்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்வில் அந்தக் கவிதையே வந்தது. தாயின் தனிமையைக் கவிஞர் சித்திரிக்கும் விதத்தை விளக்குக என்பது வினா. வினாவே கைடின் பக்கம் நின்றது. கைடின் விடை முழுவதும், முதற்சொல்லிலிருந்து இறுதிச் சொல் வரை, என் நினைவில் தயாராக இருந்தது. எழுதினால் தேறலாம். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். மேற்பார்வையாளர் வந்து, உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றேன்.

மூன்றாவது முறையும் கைடை எழுதித் தேறினால், பட்டம் கைடுக்குத்தான் சேரும் என்று எனக்குத் தோன்றியது. முதுமையில் ஒருவன் பள்ளிப்பிள்ளையைப் போலப் பை தூக்கியதற்கு அது போதாது. நான் எழுதினேன். அந்தத் தாய் தனியாக இல்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். அந்த வீட்டில் தனிமை ஒருத்திக்கு உண்டு. அவள், யாரேனும் போவதைத் தவிர வேறெதையும் கவனிக்காத குடும்பத்தில் போகாமல் இருந்துவிட்ட மகள். அவளைக் கவிஞரும் மறந்ததுபோல் நடித்து, கடைசியில் ஒரு கோப்பைத் தேநீரால் நினைவூட்டுகிறார் என்று எழுதினேன். என் ஆங்கிலம் குட்டை வாக்கியங்களால் ஆனது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கவிதையிலிருந்து சான்று காட்டினேன். மணி அடித்தபோது விரல்கள் மரத்திருந்தன.

முடிவு வர இரண்டு மாதங்கள் ஆயின. வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில், வீட்டில் கைப்பேசித் திரையை என் மனைவியிடம் நீட்டினேன். எனக்குப் பார்க்கத் துணிவில்லை. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எண்ணை மேலும் கீழும் சரிபார்த்துவிட்டு, பாஸ் என்றாள். பிறகு மதிப்பெண்ணையும் சொன்னாள். தேறிய அத்தனை தாள்களிலும் எனக்குக் கிடைத்த மதிப்பெண்களில் அதுவே மிகுதியானது. நான் எழுந்து நின்றேன். எதற்காக நின்றேன் என்று தெரியவில்லை; உட்கார்ந்தபடி கேட்கும் செய்தியாக அது இல்லை.

"இப்ப மூஞ்ச பாரு, கல்யாண மாப்பிள்ள மாரி" என்றாள் அவள்.

மாலையில் முகையூரிலிருந்து அழைப்பு வந்தது. தையற்காரப் பெண்மணியும் தேறியிருந்தார். வாழ்த்திவிட்டு, கைடு கைவிடவில்லை போலும் என்றேன்.

"கைடு எழுதலங்க. எழுத உக்காந்தா அந்தப் பொண்ணு கண்ணு முன்னாடி வந்து நிக்கிறா. நீங்க சொன்னதத்தான் எழுதினேன். ஆனா கண்டக்டரே, நீங்க ஒண்ண உட்டுட்டீங்க."

"இன்னாத்தம்மா உட்டுட்டேன்?"

"நாய உட்டுட்டீங்க. ரெண்டாவது பத்தியில அப்பனுக்கு முன்னால ஓடுது பாருங்க. அதுவும் திரும்பல. நான் அதையும் சேத்து எழுதிட்டேன்."

இருக்காது என்றேன். இருக்கிறது என்றார். அழைப்பைத் துண்டிக்காமலே உள்ளே சென்று பாடநூலை எடுத்தேன். இரண்டாம் பத்தி, மூன்றாம் வரி. நாய் இருந்தது.