அந்த ரயிலில் தீ இல்லை

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்றும் எங்களைப் பார்ப்பவர்கள், "ரயில்ல தீப்பிடிச்சிருச்சாமே?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த ரயிலில் தீ இல்லை. பிரேக் சூடாகிப் புகை வந்தது. யாரோ தீ என்று கத்த, யாரோ சங்கிலியை இழுத்தார்கள். பலர் பக்கத்துத் தண்டவாளத்தில் இறங்கி நின்றார்கள். அதில் எதிரே இன்னொரு ரயில் வந்துவிட்டது. இறந்தவர்களில் அப்பாவும் ஒருவர்.

அப்பா தேவதானத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மழை பொய்த்த காலத்தில் படிப்பை விட்டுவிட்டு ராஜபாளையத்தில் நூல் மில் வேலையில் சேர்ந்தார். திருமணத்துக்குப் பின் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியேறி, ஓய்வு பெறும்வரை பஸ்ஸில் போய்வந்தார். மில்லில் ஒருமுறை பஞ்சு தீப்பிடித்தபோது, பெண்களை வெளியேற்றிவிட்டுத் தாம் கடைசியாக வந்தார். அந்தத் தீக்காயத் தழும்பு முழங்கையில் இருந்தது. கோபக்காரர்தான், கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துவிடுவார், அம்மா கெஞ்ச வேண்டும்.

அம்மாவுக்கு மூட்டுவலி. அதனால் சென்னையிலிருக்கும் என்னைப் பார்க்க அப்பா தனியாகவே ரயிலேறினார்.

துட்டி விசாரிக்க வந்த இடத்தில் சிலர், "பதறிக் குதிச்சிட்டாரு போல" என்று பேசியது அம்மா காதில் விழுந்தது. அதன் பிறகு அம்மா ஓரிடத்தில் உட்காரவில்லை. உலையைப் பாதியில் விட்டு வந்து, "அவிய பதறுற ஆளா, சொல்லுட்டி?" என்று என்னைக் கேட்பார்.

காரியங்கள் முடிந்த பின், பக்கத்து ஊரான கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையுடன் வந்தார். அப்பாவுடன் அதே பெட்டியில் பயணித்தவர்.

"ஒரு பக்கம் பெரிய பள்ளம்க்கா. அதுக்குப் பயந்துதான் எல்லாரும் தண்டவாளத்துப் பக்கம் எறங்குனாவ. இவிய மட்டும், 'உருண்டாலும் பரவாயில்ல, இங்கிட்டு எறங்கு தாயி'ன்னு எங்கள எறக்கிவிட்டாவ" என்றார்.

"பொறவு?" என்றார் அம்மா.

"'அங்கிட்டு அம்புட்டுப் பேரும் தண்டவாளத்துல நிக்காங்களே'ன்னு சத்தம் போட்டுக்கிட்டே போனாவ. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுக்கா."

அம்மா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அவியள யாரும் இங்கிட்டு வாங்கன்னு கூப்பிடலையா?" என்று கேட்டார்.



அப்பாவின் உடலைக் கொண்டுவர உடன் அலைந்த மில் நண்பர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துப் போட்ட தெருவாருக்கும், எங்களைத் தேடி வந்து சொன்ன அந்தச் சகோதரிக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கலாம். அப்பாவை யாரேனும் கூப்பிட்டிருந்தால், கையை நீட்டியிருந்தால், இந்த நினைவு மலர் எப்படியாவது உங்களிடம் வந்து சேரட்டும். ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள். அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.